எலியா, மனுஷனா?

சமார் தீவின் கடற்கரைப் பள்ளியில் கிரிசாந்தோ வாத்தியாரை யாரும் பெயர் சொல்லிக் குறிப்பிட்டதில்லை. 'எலி சார்' என்றால்தான் தெரியும். அறிவியல் வகுப்பில் அவர் செய்தித்தாளை விரித்தாலே பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். 'முள்சீத்தா இலை புற்றுநோயைத் தீர்க்கிறது' என்று வாசித்துவிட்டு, கண்ணாடிக்கு மேலாக ஒரு பார்வை பார்ப்பார்.

"எதுல சோதிச்சாங்களாம்?"

"எலியில, சார்!"

"நீங்கள்லாம் எலியா?"

"இல்ல, சார்!" கூரை அதிரும்.

அத்தோடு அந்தச் செய்தி குப்பைக்கூடைக்குப் போகும். மனிதருக்குப் பிள்ளைகளின் சிரிப்பில் ஒரு மயக்கம். எலியை நம்பியே ஆகவேண்டிய இடங்களும் உண்டு என்று தெரிந்தவர்தான். அதைச் சொல்லப்போனால் சிரிப்பு கெட்டுவிடும் என்று விட்டுவிட்டார்.

அந்தக் கூட்டத்தில் உரக்கச் சிரிப்பவள் மாரிசெல். அவள் அப்பா பெர்தோ விரிகுடாவில் மூங்கில் நட்டுச் சிப்பி வளர்ப்பவர். ஒரு மழைக்காலத்தில் வானொலி எச்சரித்தது: கடலில் விஷப்பாசி பரவியிருக்கிறது, அதைத் தின்ற சிப்பியின் சாறு ஊசியில் ஏற்றப்பட்ட ஆய்வக எலிகள் செத்துவிட்டன, யாரும் சிப்பி தின்ன வேண்டாம்.

பெர்தோ அப்போதுதான் சிப்பிச் சட்டியை அடுப்பிலிருந்து இறக்கியிருந்தார். வீட்டில் படித்தவள் மகள்தானே, அவளைக் கேட்டார்.

"ஏம்மா, கொட்டிரவா?"

"எலிதானப்பா செத்துச்சு. நாம என்ன எலியா? எங்க சாரே சொல்லுவாரு."

பெர்தோ சிரித்துக்கொண்டே சோற்றில் அள்ளிப் போட்டுக்கொண்டார். மாரிசெலுக்குப் பல்வலி, கஞ்சி மட்டும் குடித்தாள். பொழுது சாய்வதற்குள் அவருக்கு உதடு மரத்தது, பிறகு கை கால், பிறகு மூச்சு முட்டியது. மருத்துவமனைக்குப் படகில் கொண்டுபோகும் வழியிலேயே உயிர் போய்விட்டது.

துக்க வீட்டு வாசலில் வழக்கப்படி காப்பியும் சீட்டாட்டமுமாக ஊர் விழித்திருந்தது. கிரிசாந்தோ உள்ளே போய்ச் சவப்பெட்டியருகே நின்றார். மாரிசெல் எழுந்து வந்து, பெரியவர்களுக்குச் செய்யும் மரியாதையாக, எப்போதும்போல அவர் கையை எடுத்துத் தன் நெற்றியில் ஒற்றிக்கொண்டாள். அவருக்குக் கையைப் பிடுங்கிக்கொள்ள வேண்டும்போல இருந்தது.

"நீங்க கேக்கச் சொன்ன கேள்வியத்தான சார் கேட்டேன். எங்க தப்பு பண்ணேன்?"

"நீ பண்ணலம்மா. நான்தான் பாதிய முழுங்கிட்டேன். மருந்து எலிக்குக் கேட்டா மனுஷனுக்கும் கேக்கும்னு இல்ல. ஆனா விஷம் எலியக் கொன்னா, நாம கை வைக்கவே கூடாது."

"இத அன்னைக்கே சொல்லியிருக்கலாமே, சார்."



ஓய்வு பெறும்வரை எல்லா வகுப்பிலும் அந்த மிச்சப் பாதியைச் சொன்னார். பிள்ளைகள் யாரும் சிரிக்கவில்லை, அவரும் அதை எதிர்பார்க்கவில்லை. மாரிசெல் மட்டும் அதன்பிறகு பள்ளிக்கு வரவேயில்லை. அப்பாவின் மூங்கில்களைப் பார்த்துக்கொள்ள வேறு ஆள் இல்லை.