ஐசலின் ராத்திரி டெஸ்க்கும் ஒரு பிரெஞ்சு கிராமமும்

ராத்திரி டெஸ்க்கில் உட்கார்ந்திருப்பவனுக்கு, "எல்லாம் நல்லா இருக்கு" என்று சொல்வதற்காக யாரும் போன் பண்ணுவதில்லை. மோட்டலோ, கேஸ் ஸ்டேஷனோ, ஆஸ்பத்திரியோ, நீங்கள் எங்கே இரவு வேலை பார்ப்பவரானாலும் இது உங்களுக்குத் தெரிந்திருக்கும். நான் மூன்றிலும் இருந்து, எதிலும் கால் தரிக்காமல், தொண்ணூறுகளின் கடைசியில் அமெரிக்காவில் ஐசலின் என்ற ஊரில் ஒரு டிராவல் ஏஜென்சிக்கு வந்து சேர்ந்தேன். ஓக் ட்ரீ ரோட்டில் ஒரு புடவைக் கடையின் மாடி.

முதலாளி சேவியர் சார், தூத்துக்குடிக்காரர். நம் கத்தோலிக்கக் குடும்பங்களைப் பிரெஞ்சு நாட்டு லூர்து மாதா கோயிலுக்கு அனுப்புவது அவருடைய பிசினஸ். மாதாவைப் பார்த்த பிறகு ஒரு வாரம் இயற்கையையும் பார்க்கட்டும் என்று, அங்கிருந்து ஒன்றரை மணி நேர டிரைவில் ஒரு மலைக் கிராமத்தில் மூன்று கல் வீடுகளை வாடகைக்குப் பிடித்தார். ஊர்ப் பெயரை ஆபீசில் ஆளுக்கொரு விதமாகச் சொன்னதால் கடைசியில் 'வில்லேஜ்' என்றே நிலைத்துவிட்டது. அங்கே விடியும்போது நமக்கு நள்ளிரவு. போனவர்கள் கூப்பிட்டால் எடுக்க ஒரு ஆள் வேண்டுமே, அந்த ஆள் நான். நான் அங்கே போனதில்லை. லைப்ரரி கேசட்டைக் கேட்டு பிரெஞ்சு கற்றுக்கொண்டேன். சுவரில் அந்த ஊர் மேப்பை ஒட்டி, விரலாலேயே எல்லாப் பாதையிலும் நடந்து வைத்திருந்தேன்.

அந்தக் கோடையில் முதலில் போன இரண்டு குடும்பமும் பாதி வாரத்தில் பெட்டியைக் கட்டிக்கொண்டு பாரிஸுக்குப் போய்விட்டன. சேவியர் சார் என்னைக் கூப்பிட்டார். "பாலு, இர்விங்லேர்ந்து பிரகாசம் ஃபேமிலி போறாங்க. சீசன்ல அதுதான் கடைசி புக்கிங். அவங்களும் பாதியில கிளம்பிட்டா வில்லேஜைத் தூக்கிருவேன். வில்லேஜ் இல்லைன்னா ராத்திரி டெஸ்க் எதுக்கு?"

அதாவது நான் எதுக்கு. அங்கே மூன்று வீட்டுச் சாவியையும் வைத்துக்கொண்டு பெருக்கித் துடைத்து வந்த கொலெத் அம்மாவுக்கும் இதே கேள்விதான். அவரிடம் நான் அதைச் சொல்லவில்லை. அவராகவே ஊகித்திருந்தார்.

பிரஷர் பத்தாத அருவி

முதலில் கிளம்பிப் போன குடும்பம் பிளானோவில் ஒரு டாக்டர் வீடு. எங்கள் பிரோஷரில் 'மலை அருவி' என்று அரைப் பக்கத்துக்குப் படம் இருந்தது. பனி உருகும் மாதத்தில் எடுத்த படம். இவர்கள் போனது ஜூலை கடைசியில்.

டாக்டர் பார்த்துவிட்டு வந்து, நிதானமாக, பேஷண்ட்டிடம் கெட்ட செய்தி சொல்லும் குரலில் சொன்னார்: "மிஸ்டர் பாலு, எங்க வீட்டு ஷவர்லயே இதைவிட பிரஷர் ஜாஸ்தி." அன்றிலிருந்து அருவி என்ற சொல்லையே நான் வாயில் எடுப்பதில்லை.

ஞாயிற்றுக்கிழமை

பிரகாசம் சாஃப்ட்வேர்காரர், தென்காசிப் பக்கம். மனைவி ரெஜினா, ஹைஸ்கூல் படிக்கும் மகள் நிஷா. வந்து இறங்கியது சனிக்கிழமை இரவு. மறுநாள் தூங்கி எழுந்து மதியம் பால் வாங்கப் புறப்பட்டார்கள். பேக்கரி வாசலில் ஷட்டர். கசாப்புக் கடை ஷட்டர். போஸ்ட் ஆபீஸ் ஜன்னல்கூட மூடியிருந்தது. தெருவில் ஒரு பூனை மட்டும் நடமாடியிருக்கிறது.

ரெஜினா போன் பண்ணினார். பிரெஞ்சு கிராமத்தில் ஞாயிறு அப்படித்தான், கொலெத் அம்மா வீட்டுக் கதவைத் தட்டினால் பால் கிடைக்கும் என்றேன். சொன்ன மாதிரியே பால் கிடைத்தது, கூட ஒரு கூடை பிளம்ஸும் வந்தது. ஆனாலும் அவருக்குச் சந்தேகம் தீரவில்லை. மறுபடி கூப்பிட்டார். "பாலு அண்ணா, நிஜத்தைச் சொல்லுங்க. இங்க ஏதாவது கர்ஃப்யூ போட்ருக்காங்களா?"

இரண்டு சுவர்க் கோட்டை

திங்கட்கிழமை பிரகாசமே லைனில் வந்தார். "பாரிஸுக்கு இங்கேர்ந்து எவ்வளவு நேரம் டிரைவ் பண்ணணும்?" கிளம்பப் போகிறவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது இதைத்தான்.

"சார், குன்றுமேல பழைய கோட்டை ஒண்ணு இருக்கு. அதைப் பாக்காம எப்படிப் போவீங்க?" என்றேன். மேப்பில் கோபுரம் மாதிரி ஒரு சின்னக் குறி இருந்தது, அதை நம்பித்தான் சொன்னேன். ஏறிப் பார்த்தால் கோட்டை என்று மிஞ்சியது இரண்டு சுவர், நடுவில் நாலைந்து ஆடு. பிரகாசம் போனில் பொரிந்து தள்ளினார். "இதுக்குப் பேரு கோட்டையா? எங்க ஆபீஸ் பார்க்கிங் லாட்ல இதைவிடச் சுவர் இருக்கு!" நான் சாரி சொல்லிக்கொண்டே இருந்தேன். அப்போது மகள் ரிசீவரை வாங்கினாள். அந்தப் பெண்ணுக்குத் தமிழ் புரியும், பதில் மட்டும் இங்கிலீஷில் வரும். அன்று பாதித் தமிழாவது வந்தது. "அங்கிள், டோன்ட் வொரி. மேல யாருமே எதையும் விக்கல. ஐ லைக் இட்."

எனக்கு ஒரு நாள் கிடைத்தது.

கழுதை

அந்த ஊரில் மலைப்பாதை நடைக்குக் கழுதையை வாடகைக்குத் தருவார்கள். நாம் ஏறிக்கொள்ள அல்ல. சாப்பாட்டுப் பையையும் தண்ணீரையும் அது சுமக்கும், கயிற்றைப் பிடித்துக்கொண்டு நாம் நடக்க வேண்டும். இதைப் பிரகாசத்துக்கு விளக்கியபோது, "அப்ப காசையும் குடுத்து நாமளே நடக்கவும் செய்யணுமா?" என்றார். ரெஜினாவுக்கு வேறு கவலை. "யாரும் போட்டோ எடுத்துறக் கூடாது. இர்விங் சர்ச்சுக்குத் தெரிஞ்சா அவ்வளவுதான்."

நிஷாவுக்காகப் போனார்கள். கழுதை நூறு அடி நடந்து ஒரு முள்செடியைக் கண்டதும் நின்றுவிட்டது. பிரகாசம் முதலில் தமிழில் கெஞ்சினார், அப்புறம் இங்கிலீஷில் மிரட்டினார், கடைசியில் பக்கத்தில் உட்கார்ந்து அது தின்று முடிக்கும்வரை காத்திருந்தார். டெட்லைன் இல்லாமல் அவர் ஒரு இடத்தில் உட்கார்ந்து பல வருஷமாகியிருக்கும் என்று ரெஜினா பிற்பாடு சொன்னார். மறுநாள் காலையில் பிரகாசம் கூப்பிட்டபோது குரலில் சூடு இல்லை. பாரிஸைப் பற்றியும் கேட்கவில்லை. "பாலு, படிக்கலைன்னா கழுதைதான் மேய்ப்பேன்னு எங்கப்பா திட்டித் திட்டி எம்.எஸ். வரைக்கும் படிச்சேன். இப்ப டாலர் குடுத்து மேய்க்கிறேன்."

குளியல்

நான் ஒளித்து வைத்திருந்த அருவியைக் கழுதை காட்டிக்கொடுத்துவிட்டது. தண்ணீர் குடிக்க அது அந்தப் பக்கம்தான் இழுத்துக்கொண்டு போயிருக்கிறது. முந்தைய வாரம் மலையில் நல்ல மழை, அருவி பெருகியிருந்தது. பிரகாசம் அண்ணாந்து பார்த்தார். மறுநாள் காலையில் பெட்டியிலிருந்து தேங்காய் எண்ணெய் பாட்டிலை எடுத்து, தலை, தோள், முதுகு என்று தேய்த்துக்கொண்டு, துண்டோடு கிளம்பிவிட்டார். தென்காசிக்காரருக்கு அருவி என்றால் குற்றாலம்தான், பார்த்துவிட்டுத் திரும்புகிற சமாசாரம் இல்லை.

அந்த ஊர்க்காரர்கள் அருவிக்கு எதிரே பெஞ்சில் உட்கார்ந்து சாண்ட்விச் சாப்பிடுவார்கள், படம் எடுப்பார்கள், போவார்கள். அடியில் போய் நிற்கும் மனிதரை அவர்கள் பார்த்ததே இல்லை. யாரோ ஓடிப்போய்ச் சொல்ல, கொலெத் அம்மா எனக்குப் போன் அடித்தார். உங்கள் விருந்தினர் கண்ணை மூடிக்கொண்டு கத்துகிறார், கூப்பிட்டாலும் வெளியே வர மறுக்கிறார், லூர்தில் செய்துகொண்ட வேண்டுதலா என்று கேட்டார். வேண்டுதல் இல்லை அம்மா, குளியல் என்றேன். அவர் மனம் புண்பட்ட குரலில் கேட்டார்: "ஏன், வீட்டில் நான் வைத்திருக்கும் ஷவர் வேலை செய்யவில்லையா?"

மேயர்

மறுநாள் வினை வந்தது. அருவிக்குக் கீழே மடுவில் தூண்டில் போடுகிறவர், தண்ணீரில் எண்ணெய் மிதக்கிறது என்று மேயரிடம் புகார் கொடுத்துவிட்டார். மேயர் கொலெத்தைக் கூப்பிட்டு, இப்படியானால் அந்த வீடுகளை வெளியாருக்கு விடுவதைப் பற்றி யோசிக்க வேண்டியிருக்கும் என்றார். கொலெத் என் நம்பரை அவரிடம் கொடுத்துவிட்டார். கிளம்ப நினைத்தவர்கள் தங்கிவிட்ட வேளையில் ஊரே எங்களைக் கிளப்பப் பார்த்தது.

என் கேசட் பிரெஞ்சில் ரயில் நிலையம் உண்டு, ஹோட்டல் அறை உண்டு, மளிகைக் கடை உண்டு. தலைக்குத் தேய்க்கும் எண்ணெய் கிடையாது. ஆகவே, எங்கள் மக்கள் சாலட் எண்ணெய் போன்ற ஒன்றைத் தலையில் ஊற்றிக்கொண்டு அருவியில் நிற்பார்கள், அது எங்களுக்கு மிகப் பெரிய சந்தோஷம், இனி எண்ணெய் இல்லாமல் நிற்பார்கள் என்று, வேர்த்துக் கொட்ட, வினைச்சொற்களை எல்லாம் கொன்று சொல்லி முடித்தேன். மேயர் பொறுமையாகக் கேட்டார். பின்னணியில் யாரோ சிரிப்பது கேட்டது. பிறகு, பள்ளிக்கூடப் பையனிடம் பேசுவது போல மெதுவாக, எனக்குப் புரியும்படி சொன்னார்: "குளிப்பதை நான் தடுக்கவில்லை, ஐயா. வாணலிக்கு வரும் முன்பே எங்கள் மீனை எண்ணெயில் போடாதீர்கள், அவ்வளவுதான்."

சேவியர் சார்

பிரகாசம் குடும்பம் சனிக்கிழமை வரை இருந்தது. எண்ணெய் இல்லாமல் தினமும் போனார்கள். கடைசி நாள் ரெஜினாவும் நிஷாவும்கூட நனைந்தார்கள், பேக்கரிக்காரரின் பிள்ளைகளும் வந்து சேர்ந்துகொண்டார்கள். இர்விங் சர்ச்சில் ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுவரும் பாட்லக் விருந்தில் பிரகாசமே போட்டோ ஆல்பத்தைச் சுற்றுக்கு விட்டார், கழுதைப் படம் உட்பட. சோப்பு நுரை இல்லை, கியூ இல்லை, நாள் முழுக்க நிற்கலாம் என்று அவர் சொன்னதைக் கேட்டு, குளிர்காலம் முடிவதற்குள் எங்களுக்கு வந்த போன் எல்லாம் ஒரே கேள்விதான்: அருவி இருக்கிற ஊர் எது?

ஒரு நாள் காலை நான் ஷிஃப்ட் முடிந்து கிளம்பும்போது சேவியர் சார் வந்தார். புதுப் பிரோஷரின் ப்ரூஃபை என் டெஸ்க்கில் போட்டார். அட்டையில் வில்லேஜ். கொலெத் அம்மாவுக்கு உதவிக்கு ஓர் ஆளும் போட்டாயிற்று என்றார். நான் எழுந்து நின்று தேங்க்ஸ் சொல்ல ஆரம்பித்தேன். அவருக்கு அதெல்லாம் பிடிக்காது, ஓவர்கோட் பட்டனைக்கூடக் கழற்றாமல் சொன்னார்: "டெஸ்க் இருக்கும்யா. ஆனா சீசனுக்கு முன்னாடி நீ ஒரு தடவை போய் நேர்ல பாத்துட்டு வா. ரெண்டு சுவத்தைக் கோட்டைன்னு இன்னொருத்தருக்குச் சொல்லாத."

நேரில்

போனேன். ஜெட் லாக் மூன்று நாளைக்குப் படுத்தும் என்று எல்லோரும் பயமுறுத்தியிருந்தார்கள். ஐசலினில் பகல் மூன்று மணிக்குத்தான் எனக்குக் கண் சொக்கும், அப்போது கிராமத்தில் இரவு ஒன்பது. முதல் ராத்திரியே, ஜன்னலில் வெளிச்சத்தை மறைக்கப் போர்வை தொங்கவிடாமல், காதில் பஞ்சு வைக்காமல், ஊரோடு சேர்ந்து தூங்கினேன். ஊரோடு எழுந்தேன். பால் வாங்க வெளியே வந்த என்னைக் கொலெத் அம்மா மேலும் கீழும் பார்த்துவிட்டுச் சொன்னார்: "அமெரிக்காவிலிருந்து வந்தவர்களில் காலையில் மனித முகத்தோடு இருப்பது நீங்கள் ஒருவர்தான்."

ஆக, இத்தனை வருஷம் ராத்திரி வேலை, ராத்திரி வேலை என்று நான் புலம்பியதெல்லாம், தப்பான நாட்டில் உட்கார்ந்து பார்த்த பகல் வேலைதான்.