மக்னீசியம் ஒன்றும் செய்யாத ஆறு மாதம்

ஜெயக்கொடி அக்கா கோவளத்து மீனவக் குடும்பம். செம்பாக்கத்தில் எங்கள் வீட்டு மாடி அறையில் வாடகைக்கு இருந்துகொண்டு, தாம்பரத்தில் ஒரு கல்லூரியில் ஆராய்ச்சி செய்தார். என்ன ஆராய்ச்சி என்று யார் கேட்டாலும் சலிக்காமல் சொல்வார். டி.என்.ஏ. இழையின் வெளிப்புறம் முழுக்க எதிர்மின்னேற்றம். மக்னீசியம், தாமிரம் போன்ற உலோக அயனிகளுக்கு நேர்மின்னேற்றம், போய் ஒட்டிக்கொள்ளும். ஒட்டினால் இழையின் அதிர்வு சற்று மாறும். அகச்சிவப்புக் கதிரைச் செலுத்திப் பார்த்தால், கருவி தாளில் வரையும் கோட்டில் ஒரு பள்ளம் கொஞ்சம் இடம் நகர்ந்திருக்கும். அந்தத் தாள்களைப் பாயில் பரப்பி, பக்கத்தில் தோசைத் தட்டோடு உட்கார்ந்து பார்ப்பார். பாதித் தாள்களில் எண்ணெய்க் கறை.

2004 தொடக்கத்திலேயே தாம்பரம் பக்கம் தண்ணீர்ப் பஞ்சம். ஆய்வகத்தில் தண்ணீரைக் காய்ச்சி வடிக்கும் கருவி, மேல் குழாயில் சொட்டுச் சொட்டாகச் சுத்த நீரைத் தரும். ஆவியைக் குளிரவைத்த போர் கிணற்றுத் தண்ணீர், கீழ் குழாய் வழியாகச் சாக்கடைக்குக் கொட்டிக்கொண்டே இருக்கும். அக்காவால் அதைச் சும்மா பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. கீழ் குழாயிலும் கேன் வைத்து, பாத்திரம் கழுவுவதற்குப் பிடிக்கும்படி உதவியாளரிடம் சொன்னார். இரண்டு கேன்களும் ஒரே மாதிரி. பெயர் எழுதி ஒட்டினார். ஈரத்தில் உரிந்து போனது.

அதன் பிறகு ஆறு மாதம், மக்னீசியம் சேர்த்த டி.என்.ஏ.வும் சேர்க்காததும் ஒரே கோட்டைத்தான் தந்தன. வழிகாட்டி மெட்டில்டா மேடம், "மாற்றம் இல்லைங்கிறதும் ஒரு ரிசல்ட்தான்மா. வெள்ளிக்கிழமை செமினார்ல அப்படியே சொல்லிடு" என்றார்.

அக்காவுக்கு மனசு ஒப்பவில்லை. செவ்வாய்க்கிழமை, டி.என்.ஏ.வே இல்லாமல் வெறும் தண்ணீரைத் தகட்டில் விட்டுக் காயவைத்தார். வெள்ளையாக ஒரு வளையம் நின்றது. சுத்த நீர் காய்ந்தால் எதுவுமே மிஞ்சக் கூடாது.

ஆய்வக உதவியாளர் குப்பனைக் கூப்பிட்டார். "அண்ணா, இது எந்தக் குழாய்ல புடிச்சது?"

"கீழ் குழாய்லதாம்மா. மேல சொட்டிக்கினே கீது, நீ வர்றதுக்குள்ள ரொம்பணுமே! இன்னா கொறை இதுல? கண்ணாடி மாரி கீது."

போர் தண்ணீரில் கால்சியமும் மக்னீசியமும் ஏராளம். எதுவும் சேர்க்காத டி.என்.ஏ. என்று அக்கா நினைத்ததிலெல்லாம் ஏற்கெனவே அவை ஒட்டியிருந்தன.

குப்பனின் முகம் சுருங்கியது. "பேஜாரா பூட்ச்சாம்மா?"

"உன்ன ஏண்ணா சொல்லணும்? கேன் வெக்கச் சொன்னதே நான்தான்."

நேராக மேடத்திடம் போனார். "ஆறு மாசமும் தப்பு மேடம்."

"செமினாரை வச்சுக்கிட்டு இப்ப வந்து சொல்றே?"

"வெள்ளிக்கிழமை பேசிட்டு அப்புறம் சொன்னா இன்னும் தப்பு மேடம்."

மேடம் பேனாவை எடுத்து, செமினாரில் பேசுவோர் பட்டியலில் அக்கா பெயரை அடித்தார். அன்று அக்கா மாடியில் உட்கார்ந்து அழுதார். பிறகு இரண்டு தட்டு சோறு சாப்பிட்டார்.

மறுநாளிலிருந்து மேல் குழாயடியில் அவரே ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார். பாத்திரம் கழுவுவதும் அதே நீரில்தான். மூன்று வாரத்தில் புதிய தாள்கள் வந்தன. மக்னீசியம் சேர்த்ததையும் சேர்க்காததையும் ஒன்றன்மேல் ஒன்றாக ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். பள்ளம் நகர்ந்திருந்தது, நக விளிம்பளவு.

"அண்ணா, ஓடி வா!"

குப்பன் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். "ரெண்டும் ஒண்ணாதானம்மா கீது?"

"சரியா பாருண்ணா," என்று பென்சிலால் அந்த இடத்தைக் காட்டினார் அக்கா. பின்னால் வந்து நின்ற மெட்டில்டா மேடம் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, "நகரு குப்பா, நான் பாக்கறேன்" என்றார்.