அக்காவிடம் கேட்ட ஐந்தாவது கேள்வி

போன வாரம் என் அக்காவை நானே அழ வைத்துவிட்டேன், பிள்ளைகளே. சண்டை போட்டு அல்ல. உண்மையைச் சொல்லி.

மலேசியாவில் பகாவ் ஊருக்குப் பக்கத்தில் எங்கள் ரப்பர் எஸ்டேட் மண்டபத்துக்கு ஓர் ஆராய்ச்சிக் குழு வந்திருந்தது. அறுபதைத் தாண்டிய பெண்களிடம் கொஞ்சம் ரத்தம் எடுத்தார்கள். எதற்கு? நம் உடம்பு எப்படி அமைய வேண்டும் என்ற குறிப்பு அந்த ரத்தத்திலேயே இருக்கிறதாம். மரபணு என்பார்கள். அதில் ஆளுக்கு ஆள் சின்னச் சின்ன மாற்றம் இருக்கும். எந்த மாற்றம் உள்ளவர்களுக்கு இதய நோய் அதிகம் வருகிறது... அதைத்தான் தேடுகிறார்கள். பாதியில் பள்ளியை விட்டவன் நான். எனக்குப் புரிந்தது இவ்வளவுதான்.

அக்காவை மோட்டார் சைக்கிளில் கூட்டிப் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஒரு தமிழ்ப் பெண் கேள்வி கேட்டு எழுதிக்கொண்டிருந்தார். வயது, மருந்து, சாப்பாடு, நடை... ஐந்தாவது கேள்வி வந்தது.

“ஆன்ட்டி, உங்களப் பெத்த அம்மாவுக்கு ஹார்ட் பிரச்சன இருந்துச்சா?”

“இருந்துச்சு மா. ரப்பர் மரத்துல பால் வெட்டிக்கிட்டு இருக்கும்போதே நெஞ்சப் புடிச்சிக்கிட்டு உக்காந்தாங்க. அதோட சரி. எனக்கும் அப்படித்தான் வரும்.”

நான் அந்தப் பெண்ணின் பேனாவையே பார்த்தேன்.

ஏனென்றால், அக்கா சீனக் குடும்பத்தில் பிறந்தவர். பத்து நாள் குழந்தையாக எங்கள் அம்மா கைக்கு வந்தவர். அந்தக் கால எஸ்டேட்டுகளில் இது அதிசயமில்லை. அக்காவுக்கும் தெரியும், ஊருக்கும் தெரியும். ஆனால் ‘வளர்ப்பு’ என்ற சொல்லை எங்கள் வீட்டில் யாரும் வாயில் எடுத்ததில்லை.

நான் சும்மா இருந்திருக்கலாம். ஆனால் அம்மாவின் நோயை அக்காவின் ரத்தத்தோடு சேர்த்து வைத்துப் பார்த்தால், ஆராய்ச்சி தப்பாகிவிடாதா?

“அத எழுதாதீங்க மா,” என்றேன் மெதுவாக. “அக்காவ எங்கம்மா வளத்தாங்க. பெக்கல.”

அக்கா என் பக்கம் திரும்பவே இல்லை.

அந்தப் பெண் குரலைத் தாழ்த்தினார். “பரவால்ல ஆன்ட்டி. ‘தெரியாது’ன்னு போட்டுக்கிறேன்.”

“தெரியாதா? எங்கம்மாவ எனக்குத் தெரியாதா?”

அக்காவின் கண் நிறைந்துவிட்டது. அந்தப் பெண் பேனாவைக் கீழே வைத்தார்.

“அம்மாவோட நோய் ரத்த வழியா உங்களுக்கு வராது ஆன்ட்டி. நல்ல விஷயந்தானே? வேற காரணத்தால வரலாம், அதுக்கு மட்டும் செக்கப் பண்ணிக்குங்க.”

நல்ல செய்திதான். ஆனால் அதைக் கேட்டுத்தான் அக்கா அழுதார். அம்மாவைப் போலவே போய்விடுவோம் என்று இத்தனை வருடம் பயந்தவர்... அந்தப் பயத்திலும் அம்மாவின் மகளாக இருந்திருக்கிறார். அதை நான் பறித்துவிட்டேன்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு கையை நீட்டினார். ரத்தம் எடுத்து முடிந்ததும் ஒன்றே ஒன்று கேட்டார். “அப்ப இவனுக்கு?”

“அங்கிளுக்கு வரலாம் ஆன்ட்டி. போய்ப் பாத்துக்கிறது நல்லது.”

தன் வீட்டு வாசலில் இறங்கியதும் அக்கா சொன்னார்: “திங்கக்கிழம க்ளினிக் போறோம்.”

“நீ எதுக்குக்கா? நானே போய்க்கிறேன் லா.”

“உனக்கு என்னாடா தெரியும்?”

திங்கட்கிழமை டாக்டரம்மா என்னிடம் கேட்டார். அம்மா இறந்தபோது அவருக்கு என்ன வயது? அதற்கு முன் மூச்சு வாங்கியதா? எந்தப் பக்கம் வலித்தது?

அப்போது எனக்கு எட்டு வயது. அக்காவுக்குப் பதினாறு. அம்மாவுக்குப் பக்கத்து மர வரிசையில் அவரும் பால் வெட்டிக்கொண்டிருந்தார்.

அக்கா நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். “முப்பத்தொம்போது வயசு டாக்டர். ஒரு மாசமாவே மேடு ஏறுனா மூச்சு வாங்குச்சு. எடது தோளு வலிக்குதுன்னு தெனம் சாயங்காலம் என்னியத் தேய்க்கச் சொல்வாங்க. தம்பிகிட்ட சொல்லாத, பயந்துக்குவான்னாங்க.”

டாக்டரம்மா எழுதிக்கொண்டே போனார். எனக்கு அன்றுதான் தெரிந்தது, பிள்ளைகளே. அம்மாவின் ரத்தம் என்னிடம் இருக்கிறது. அம்மா பட்ட வலி அக்காவிடம் இருக்கிறது. இரண்டும் சேர்ந்ததால்தான் டாக்டருக்கு என் இதயத்தைப் பார்க்க வழி கிடைத்தது.

பிரஷருக்கு மாத்திரை கொடுத்தார்கள். வெளியே வந்ததும், “அன்னைக்கு அப்படிச் சொல்லியிருக்கக் கூடாதுக்கா,” என்றேன். அக்கா மாத்திரைக் கவரைப் பிரித்து எண்ணிப் பார்த்தார்.

இன்னும் என்னை மன்னித்ததாகத் தெரியவில்லை. தினமும் காலை எட்டு மணிக்கு மட்டும் போன் வருகிறது — “மாத்திர போட்டியாடா?”