தலையணைக்குப் பிரசவம் பார்த்தவள்

காளியப்பன் மயங்கி விழவில்லை, வழுக்கி விழுந்தார். ஆஸ்பத்திரித் தரையைத் துடைத்தவன் ஈரத்தோடு விட்டுப் போனால் அது அவர் குற்றமா? பதினேழு வருசமாக இதைச் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார். மாசாய் ஊரில் ஒருத்தராவது நம்பவேண்டுமே! கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தால், "அண்ணே, நல்லா சாப்பிடுங்க, மறுபடி மயக்கம் வந்துடப் போவுது" என்று சாம்பார் ஊற்றுகிறவன்கூடக் கிண்டல் செய்கிறான். பெண்டாட்டி செல்வராணி உள்ளே பிள்ளை பெற்றுக்கொண்டிருக்க, வெளியே நின்ற புருசனுக்கு ஸ்ட்ரெச்சர் கொண்டுவந்தார்கள் என்று ஊரெல்லாம் பரப்பியவள் வேறு யாருமில்லை, செல்வராணியின் தங்கச்சி வாசுகி. அப்போது பள்ளிக்கூடத்துப் பிள்ளை. ஃபிளாஸ்க்கும் கையுமாகப் பக்கத்தில் நின்றாள். கண்ணால் கண்ட சாட்சி என்று அவளைத்தான் எல்லாரும் நம்புகிறார்கள்.

அந்த வாசுகிதான் இப்போது முப்பத்திரண்டு வயதில் ஆஸ்திரேலியாவுக்குப் போய், பேர்த் நகரத்தில் மருத்துவச்சிப் படிப்புப் படிக்கிறாள்.

அதற்கு முன்னால் பக்கத்து ஊரான பாசிர் கூடாங்கில் எட்டு வருசம் ஃபேக்டரி வேலை. காளியப்பன் ஓட்டுகிற ஃபேக்டரி பஸ்ஸில்தான் போவாள், வருவாள். ஒருநாள் வேலை முடிந்து திரும்பும்போது, கூட வேலை செய்த பெண்ணுக்குப் பஸ்ஸிலேயே பனிக்குடம் உடைந்துவிட்டது. பஸ்ஸிலிருந்த மற்ற பெண்கள் எல்லாரும் ஒரே குரலில் கத்தினார்கள். வாசுகி மட்டும் கத்தவில்லை. அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு, ஆஸ்பத்திரி வாசல்வரை கதை சொல்லிச் சிரிக்கவைத்துக்கொண்டே வந்தாள். என்ன கதை? காளியப்பன் விழுந்த கதைதான். பஸ்ஸை ஓட்டிக்கொண்டிருந்தவர் பல்லைக் கடித்துக்கொண்டார். இறங்கும்போது அவள் சொன்னாள்:

"அத்தான், இனிமே இதுதான் என் வேல."

சொன்னபடியே விடாமல் படித்தாள், விமானம் ஏறினாள். இரண்டாம் வருச லீவுக்கு வந்தபோது மட்டும் முகம் தொங்கிப்போயிருந்தது. செய்முறைப் பரீட்சையில் ஃபெயில். திரும்பிப் போனதும் இன்னொரு வாய்ப்பு உண்டு. அதிலும் கோட்டைவிட்டால் மூட்டையைக் கட்டவேண்டியதுதான்.

"என்னடி பண்ணித் தொலைச்சே?" என்றாள் செல்வராணி.

"ஒரு நடிகைய கர்ப்பிணி மாதிரி படுக்க வச்சிருந்தாங்கக்கா. நான் காதுல குழாய மாட்டிக்கிட்டுப் புள்ளயோட இதயத்துடிப்பக் கேட்டுக்கிட்டிருக்கேன். 'என் புள்ள நல்லா இருக்கா'ன்னு கேட்டாங்க. நல்லா இருக்குன்னு சொன்னேன்."

"சரியாத்தானே சொல்லியிருக்கே?"

"வாயால சொல்லலக்கா. தலைய ஆட்டுனேன்."

ஆட்டியும் காட்டினாள். இந்தத் தோளுக்கும் அந்தத் தோளுக்குமாக, நம் வீடுகளில் எல்லாரும் ஆட்டுகிற ஆட்டம்தான். அந்த ஊரிலோ தலை பக்கவாட்டில் போனால் 'இல்லை' என்று அர்த்தம். நடிகை வீல் என்று அலறிவிட்டாள். அது நடிப்பா, நிஜமா என்று வாசுகிக்கு இன்றுவரை தெரியாது.

செல்வராணி சிரிக்கக்கூடாது என்று முந்தானையை வாயில் வைத்து அடைத்துப் பார்த்தாள். முடியவில்லை. காளியப்பனுக்கோ உள்ளுக்குள் தேன் குடித்த மாதிரி இருந்தது. ஆனால் அந்தச் சந்தோஷம் அரைமணி நேரம்தான் நிலைத்தது.

"அத்தான், நான் பழகிப் பார்க்கணும். அக்காவ வச்சா சிரிச்சே கெடுத்துரும். நீங்கதான் கர்ப்பிணி."

"போடி! மீச வச்ச கர்ப்பிணிய எந்த ஊர்ல பார்த்தே?"

யார் கேட்டார்கள்? அக்காளும் தங்கச்சியும் சேர்ந்து அவர் கைலிக்கு மேலே தலையணையை வைத்துத் துண்டால் இறுக்கிக் கட்டி, ஹாலில் பாயைப் போட்டுப் படுக்கவைத்துவிட்டார்கள். வாசுகி மண்டிபோட்டு உட்கார்ந்து குழாயைத் தலையணையில் வைத்தாள்.

"என் புள்ள நல்லா இருக்கா?" என்று உறுமினார் காளியப்பன்.

தலை ஆடியது.

"ஆட்டிட்டே!"

மறுபடியும். மறுபடியும் ஆடியது. கடைசியில் காளியப்பன் எழுந்து போய், தன் மோட்டார்சைக்கிள் ஹெல்மெட்டைக் கொண்டுவந்து அவள் தலையில் கவிழ்த்தார். பாரம் இருந்தால் ஆடாது என்பது அவர் கணக்கு. அது ஆடத்தான் செய்தது. முன்பு தலை ஆடியது, இப்போது பானை ஆடியது.

அந்த நேரம் பார்த்து கேஸ் சிலிண்டர் தோம்பைத் தோளில் தூக்கிக்கொண்டு, வீடு வீடாகக் கேஸ் போடுகிற மணியம் வாசலில் வந்து நின்றான்.

"அலமாக்! காளியப்பண்ணே, எத்தன மாசம் லா?"

"தோம்ப வச்சிட்டு ஓடுடா!"

"ஆணா, பொண்ணா?"

"ரெட்டப் புள்ளண்ணே!" என்று ஹெல்மெட்டுக்குள்ளிருந்து குரல் வந்தது.

மணியம் வாய்க்குப் பூட்டு ஏது? மறுநாள் காலை பஸ்ஸில் ஏறிய பெண்கள் ஒவ்வொருத்தியும், "அண்ணே, குமட்டல் இருக்கா?" என்று விசாரித்தாள். ஒருத்தி மாங்காய்த் துண்டுகளை உப்பு மிளகாயோடு பொட்டலம் கட்டி ஸ்டியரிங் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள். காளியப்பன் எல்லாரையும் முறைத்தார். மாங்காயை மட்டும் தின்றார்.

ஆனாலும் தினமும் வேலை முடிந்து வந்ததும் தானாகவே பாயில் போய்ப் படுத்துக்கொண்டார். வாசுகி இப்போது தலையை ஆட்டவில்லை. ஆட்டாமலிருக்கவேண்டும் என்ற பயத்தில் கழுத்தோடு சேர்த்து வாயையும் பூட்டிக்கொண்டாள். காதில் குழாய், முகம் கல்.

"என் புள்ள நல்லா இருக்கா?"

அவள் குழாயை இன்னும் அழுத்திப் பிடித்தாள்.

"கேட்குதா? நல்லா இருக்கா?"

அவள் புருவத்தைச் சுருக்கி உன்னிப்பாகக் கேட்டாள். குழாயை இடம் மாற்றி வைத்தாள். மறுபடியும் மாற்றினாள். மல்லாந்து படுத்திருந்த காளியப்பனுக்கு என்ன ஆனதென்றே தெரியவில்லை. தலையைத் தூக்கி அவள் முகத்தையே பார்த்தார்.

"ஏய்! புள்ளைக்கு என்ன ஆச்சு? வாயத் தொறந்து சொல்லித் தொலையேன்டி!"

வீடே அதிர்ந்தது. சமையலறையிலிருந்து செல்வராணி கரண்டியோடு ஓடிவந்தாள். காளியப்பன் இரண்டு கையாலும் தலையணையைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தார்.

"ஏங்க," என்றாள் செல்வராணி மெதுவாக, "அது பஞ்சுங்க."

மூன்று பேரும் சிரித்த சிரிப்பில் பாய் சுருண்டுவிட்டது. வாசுகிக்குக் கண்ணில் தண்ணீர் கொட்டியது. துடைத்துக்கொண்டவள் சட்டென்று நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"அத்தான், நெசமாவே பயந்துட்டீங்களா?"

"பின்னே? நீ பாட்டுக்கு மூஞ்சிய அப்படி வச்சுக்கிட்டா?"

"அப்ப தப்பு தலையில இல்ல. நான் கேட்டுக்கிட்டே இருக்கேன், அவங்களுக்கு ஒண்ணுமே சொல்றதில்ல. திரும்பப் படுங்க."

படுத்தார். அவள் அவர் தோளில் ஒரு கையை வைத்தாள்.

"இப்ப புள்ளயோட சத்தத்தக் கேட்கப் போறேன். கொஞ்ச நேரம் பேசமாட்டேன், பயப்படாதீங்க. ம்... கேட்குது. நல்லா ஓடுது, குதிரக்குட்டி மாதிரி."

தலை ஆடிக்கொண்டுதான் இருந்தது. வாய் பேசிக்கொண்டிருந்ததால் அதை யாரும் கவனிக்கவில்லை. காளியப்பன் நிம்மதியாகக் கண்ணை மூடிக்கொண்டார்.

வாசுகி பேர்த் திரும்பி, பரீட்சைக்குப் போன அன்று, ஃபேக்டரி கேட்டுக்கு வெளியே பஸ்ஸை நிறுத்திவிட்டுக் காளியப்பன் காத்திருந்தார். வேலை முடிந்து வந்த பெண்கள் எல்லாரும் ஏறிவிட்டார்கள். அவர் வண்டியை எடுக்கவில்லை. யாரும் எடுக்கச் சொல்லவும் இல்லை. போன் அடித்ததும் ஸ்பீக்கரில் போட்டார்.

"அத்தான்! பாஸ்!"

பஸ் குலுங்கியது. கைதட்டல், விசில். "உங்களுக்குச் சுகப்பிரசவம்ண்ணே!" என்று பின்சீட்டிலிருந்து ஒருத்தி கத்தினாள். காளியப்பன் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "சரி சரி, சத்தம் போடாதீங்க, அவ பேசட்டும்" என்று அதட்டினார்.

"அத்தான், எங்க இருக்கீங்க? பஸ்லயா?"

"ஆமா. கேட்டுக்கு முன்னாடி."

"அப்ப ஹாரன அடிங்க."

"இங்க அடிக்கக்கூடாதுடி, செக்யூரிட்டி கார்டு பார்த்துக்கிட்டு நிக்கிறான்."

"நிக்கட்டும் லா. எட்டு வருசம் அந்த கேட்டுக்குள்ள போயிட்டு வந்திருக்கேன். அடிங்க அத்தான், நான் போதும்னு சொல்ற வரைக்கும் கைய எடுக்காதீங்க."