சேற்றில் கிடைத்த ஒற்றைத் தடம்

எங்கள் வனச்சரக அலுவலகத்தில் அவரைக் கண்ணாடிக்காரர் என்றுதான் கூப்பிடுவோம். புலித்தடத்தின் மேல் கண்ணாடித் தகடு வைத்து, பேனாவால் அதன் ஓரத்தை வரைந்து கொண்டுவருவது அவர் வேலை. அதைத் தாளில் பெயர்த்துப் பதிவேட்டில் ஒட்டுவது என் வேலை. இருபத்திரண்டு ஆண்டுகளில் 1,316 தடங்கள்.

பின்னங்கால் தடம் சதுரத்துக்குள் அடங்கினால் ஆண், நீண்டிருந்தால் பெண்.

"புலியோட கால் அளவெல்லாம் அத்துப்படி. பெத்த பொண்ணோட செருப்பு அளவைக் கேளுங்க, முழிப்பாரு" என்பார் அவர் மனைவி.

"அவ ஒரு இடத்துல நின்னாத்தானே அளக்க?" என்பார் இவர்.

பதினோராம் ஆண்டு மழைக்காலத்தில், விறகு பொறுக்கப் போன இருவரை ஒரே வாரத்தில் புலி கொன்றது. சுட உத்தரவு வந்தது. பெண்புலியென்றால் மட்டும், குட்டி இருக்கிறதா என்று தேடிப் பார்த்த பிறகே சுடவேண்டும். இரண்டாவது உடலருகே சேற்றில் ஒரே ஒரு பின்னங்கால் தடம் இருந்தது. நீளம் 12 செ.மீ., அகலமும் 12. சுற்றிலும் ஊரே கத்திக்கொண்டு நின்றது.

"ஆண்" என்றார். எழுதினேன். மறுநாள் சுட்டார்கள்.

விழுந்தது பெண். மடியில் பால் கட்டியிருந்தது.

சேற்றில் பாதம் விரியும் என்பது அவருக்குத் தெரியாததல்ல. அன்று அந்தக் கூச்சலில் அதைக் கழித்துப் பார்க்கத் தவறிவிட்டார். அன்றே குட்டிகளைத் தேடிக் கிளம்பினார். நானும் போனேன்.

"பசிச்சா கத்தாதா? சத்தத்தை வச்சுக் கண்டுபிடிச்சிடலாமே?"

"கத்தாது சார். அம்மா வந்து கூப்பிடுற வரைக்கும் மூச்சு விடாது. அப்படி இருக்கிறதுதான் பொழைக்கும்."

தாய்ப்புலி குட்டிகளிடம் திரும்பும்போது மூக்கால் மெல்லச் செருமும். அதைப்போலச் செருமிக்கொண்டே பாறை பாறையாக நடந்தார். தொண்டை கட்டிக்கொண்டது, நிறுத்தவில்லை.

ஐந்தாம் நாள் காலை 9.40க்கு ஒரு பாறையிடுக்கில் மூன்று குட்டிகளைக் கண்டோம். இரண்டாம் நாளே அதற்கு முப்பதடி தள்ளித்தான் நடந்திருந்தோம். இரண்டு குட்டிகள் விறைத்துக் கிடந்தன. மூன்றாவது அவர் செருமலுக்குத் தலை தூக்கியது. சட்டைக்குள் வைத்துக்கொண்டு இறங்கினார். கால்நடை மருத்துவர் பால்புட்டியை எடுப்பதற்குள், 11.25க்கு, அதுவும் போய்விட்டது.

பதிவேட்டைத் திருத்தப் பேனாவை எடுத்தேன்.

"அடிக்காதீங்க சார். நான் சொன்னது அப்படியே இருக்கட்டும். கீழே நடந்ததை எழுதுங்க" என்று சொல்லி, நான் எழுதி முடித்ததும் கையெழுத்துப் போட்டார்.

அதன்பின் பதினொரு ஆண்டு வேலை பார்த்தார். ஒற்றைத் தடத்தை வைத்து ஆண், பெண் சொல்லவே மாட்டார். அதிகாரிகள் எரிந்து விழுவார்கள். அவர் என் பக்கம் திரும்பி, "தெரியலைன்னு எழுதுங்க சார்" என்பார்.