படம் என்று நான் சொன்னது

அக்காவின் கீழ்த்தாடையில் இடது பக்கம் எலும்பு இல்லை. புற்றுநோய் இல்லை, ஆனால் எலும்பைத் தின்கிற கட்டி என்று சொல்லி இரண்டு வருடங்களுக்கு முன் வெட்டி எடுத்துவிட்டார்கள். அதிலிருந்து கன்னம் உள்ளே விழுந்து, மிச்சத் தாடை அந்தப் பக்கமாகவே இழுத்துக்கொண்டது. மடுல்சீமைத் தேயிலை மலையில் தன்னோடு கொழுந்து பறிப்பவர்கள் ரொட்டியைப் பிய்த்துத் தின்னும்போது அவள் தள்ளிப் போய்க் கஞ்சி குடிப்பாள்.

பதுளையில் படித்துக்கொண்டிருந்த எனக்கு, அவரவர் அளவுக்கு டைட்டானியத்தில் தாடை செய்கிறார்கள் என்று தெரிந்ததும் இருப்புக் கொள்ளவில்லை. ஸ்கேனை வைத்துக் கணினியில் வரைந்து, அச்சிட்டு, மீதி எலும்போடு திருகி இறுக்குவார்களாம். வீடியோ வீடியோவாகப் பார்த்தேன். அம்மாவுக்குச் சொன்னேன், பக்கத்து லயத்து வீடுகளுக்கும் போய்ச் சொன்னேன். அக்கா குழறலாகச் சிரித்தாள். "டொக்டரு வர்றதுக்குள்ள இவளே ஒப்பரேஷன் பண்ணிருவா போல."

கொழும்பில் ஒரு டொக்டர் ஒப்புக்கொண்டார். போன இடமெல்லாம் அக்காவுக்காக நான்தான் பேசினேன். ஸ்கேன் எடுத்த அன்று அங்கிருந்தவர்கள் சிங்களத்தில் சொன்னதை அவசரமாகத் தமிழாக்கினேன்: "படம் எடுக்கப் போறாங்க, ஆடாம இருக்கணும்." வாயில் ஏதும் இருக்கிறதா என்று கேட்டார்கள். கட்டுப்பல்லைத்தான் கேட்கிறார்கள் என்று நினைத்து, நானே இல்லையென்று சொல்லிவிட்டேன்.

தாடை வந்து சேர்ந்தது. ஒப்பரேஷனுக்கு முதல் நாள் டொக்டர் அதன் பிளாஸ்டிக் மாதிரியைக் கையில் வைத்துக்கொண்டு அக்காவின் வாயைப் பார்த்தார். பிறகு கணினியைப் பார்த்தார். மறுபடி வாயைப் பார்த்தார். ஸ்கேனில் தாடை விலகி நிற்கிறது, நேரில் அப்படி இல்லை, பொருந்தாது என்றார். அன்று வாயில் ஏதாவது வைத்திருந்தாரா என்று தன் கன்னத்தைத் தொட்டுக் காட்டிக் கேட்டார்.

நான் மறுக்கப் போனேன். அக்கா என் கையைப் பிடித்தாள்.

"பஞ்சு வச்சிருந்தேன் புள்ள. படம்னு சொன்னியே."

அடையாள அட்டைக்கோ கல்யாண வீட்டுக்கோ, படமென்றால் பள்ளம் தெரியாமலிருக்கப் பஞ்சை உருட்டிக் கன்னத்துக்குள் அடைத்துக்கொள்வாள். எனக்குத் தெரியாததா? எத்தனையோ தடவை நானே உருட்டிக் கொடுத்திருக்கிறேன். அந்தப் பஞ்சுதான் மிச்சத் தாடையை மறுபக்கம் தள்ளியிருந்தது.

டொக்டர் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். திரும்பவும் ஸ்கேன், திரும்பவும் செய்ய வேண்டும். எத்தனை மாதம் என்று சொல்ல அவரால் முடியவில்லை. அதற்குள் சதை இன்னும் சுருங்கினால் பொருத்துவதே சந்தேகம் என்றார். அதையும் நான்தான் தமிழில் சொல்ல வேண்டும். பாதியை விழுங்கிவிட்டேன்.

"மிச்சத்தையும் சொல்லு" என்றாள்.

சொன்னேன். அவள் தலையாட்டிவிட்டு முந்தானையைக் கன்னத்தோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

பதுளைக்கு வந்து மடுல்சீமை பஸ்ஸில் ஏறினோம். எங்கே இறங்க வேண்டும் என்று கண்டக்டர் கேட்டார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அக்கா சொன்னாள். அவருக்கு விளங்கவில்லை. மறுபடியும், மெதுவாக, சொன்னாள். அவர் என்னைப் பார்த்தார்.