இமெல்டாவின் பொய்ப்புறாக்கள்

சுவிட்சர்லாந்தின் நொஷாட்டல் ரயில் நிலையத்திலிருந்து கீழே இறங்கும் தெருவில் இமெல்டாவுக்கு ஒரு சின்னத் தையல் கடை இருக்கிறது. காற்சட்டை நீளம் குறைப்பது, சிப் மாற்றுவது, கலியாண வீட்டுக்குப் பிளவுஸ் தைப்பது எல்லாம் அங்கே நடக்கும். மன்னாரிலிருந்து வந்த புதிதில் ஹோட்டல் அறைகள் துப்புரவு செய்தவள். அந்தப் பழக்கமோ என்னவோ, தன் கையால் போகிற எந்தத் துணியும் தோய்த்து, அயன் பண்ணி, மணக்க மணக்கத்தான் போகவேண்டும் என்பதில் அவளுக்குப் பிடிவாதம். சனத்துக்கும் அது பிடித்திருந்தது. முசியே ஜாக்கே வரும்வரை அதனால் அவளுக்கு ஒரு தொல்லையும் வரவில்லை.

ஜாக்கே பஸ் ஓட்டி ஓய்வுபெற்ற மனுஷன். செப்டெம்பரில் ஒருநாள் பெரிய பையொன்றைக் கொண்டுவந்து மேசையில் கவிழ்த்தார். கூடாரத்தில் விரித்துப் படுக்கிற ஃபோம் பாயை வெட்டி ஒட்டிய புறாக்கள்; கண்ணும் இல்லை, நிறமும் இல்லை.

"இதுகளுக்குச் சட்டை தைக்க ஏலுமோ, மதாம்? சாம்பல் நிறம். கழுத்தில ஒரு வெள்ளைத் துண்டு, செட்டையில ஒரு வெள்ளைக் கோடு."

பேரப்பிள்ளைகளின் விளையாட்டுச் சாமான் என்று நினைத்து ஓம் என்றுவிட்டாள். அளவெடுக்கும்போதுதான் அவர் விளக்கினார். வால்-து-ரூ பள்ளத்தாக்குப் பக்கம் அறுவடை முடிந்த கோதுமை வயலில் இவற்றைப் பரப்பி வைத்தால், மேலே போகிற காட்டுப்புறாக்கள் தங்கள் கூட்டம் மேய்கிறதென்று நம்பி இறங்கும். பக்கத்தில் மறைப்புக் கட்டிக்கொண்டு அவர் சுடுவதற்குத் துவக்கோடு இருப்பார். கடையில் விற்கிற பிளாஸ்டிக் புறா வெயிலில் பளபளத்துக் காட்டிக்கொடுத்துவிடுமாம். மறைப்புக்கும் ஒரு வலை வேண்டும். பழைய சாக்கைக் கீலம் கீலமாகக் கிழித்து முடிந்த வலை.

கொலைக்குச் சட்டை தைக்க இமெல்டாவுக்கு மனமில்லை. ஆனால் விட்ட சொல்லைத் திருப்பி எடுக்கப் பிரெஞ்சில் மரியாதையான ஒரு வார்த்தை அவளுக்கு அந்த நேரம் அகப்படவில்லை.

தைத்தாள். தேவாலயத்தில் முதல்நன்மை வாங்கும் பிள்ளைக்குத் தைத்த சட்டையில் மிஞ்சிய வெள்ளைச் சாட்டினைக் கழுத்துக்கு வைத்தாள். சாக்கு வலையையும் முடிந்து, மண்மணம் போகத் தோய்த்து, மடித்துக் கொடுத்தாள். அடுத்த கிழமையே ஜாக்கே திரும்பி வந்தார். பையெல்லாம் சேறு.

"இறங்க வருகுதுகள், மதாம். கடைசி நேரத்தில விலத்திப் போகுதுகள்."

சாட்டின் மினுங்குகிறது என்று நினைத்து எல்லாவற்றையும் பிரித்து, சாதாரணப் பருத்தி வைத்துத் தைத்தாள். சேறு போக நன்றாகச் சலவைத்தூள் போட்டுத் தோய்த்தாள். விலத்திப் போயின. சாம்பல் நிறத்தைக் கொஞ்சம் இருட்டாக்கினாள். வலையில் இன்னும் நெருக்கமாகக் கீலங்கள் முடிந்தாள். மறுபடியும் தூள், மறுபடியும் தோய்ப்பு. மறுபடியும் விலத்திப் போயின.

அடுக்குமாடியில் சலவை அறை அவளுக்கு இரண்டு கிழமைக்கு ஒருமுறைதான் கிடைக்கும். வீட்டு உடுப்பைத் தள்ளிவைத்துவிட்டு அந்த நாளில் வலையைத் தோய்த்தாள். மேல்மாடி மனுசி தன்னுடைய வெள்ளைப் படுக்கை விரிப்பில் வைக்கோல் ஒட்டியிருப்பதைப் பிடித்துக் காட்டிக்கொண்டு வந்தாள்.

"மதாம், இந்த மெஷினில என்ன தோய்க்கிறியள்? மாட்டுத் தொழுவமோ?"

இமெல்டா மன்னிப்புக் கேட்டுவிட்டு உள்ளே வந்து கதவை அடித்துச் சாத்தினாள். அவளுடைய கணவர் அந்தோனிதாஸ் ஹோட்டல் குசினியில் சமைக்கிறவர். அன்று லீவு.

"விடுமன் இமெல்டா. அந்தாளுக்குச் சுடத் தெரியாது. பழியை உம்மட தையலில போடுது."

"சுடுறதுக்குக் கிட்ட வந்தால் தானே! வருகுதில்லையாம்."

"அப்ப புறாவுக்கு உம்மட தையல் பிடிக்கேல்லை."

அவர் பகிடிக்குச் சொன்னது அவளுக்குச் சுருக்கென்று தைத்தது. சனிக்கிழமை கடையைப் பூட்டிவிட்டு, நானும் வாறன் என்று ஜாக்கேயின் காரில் ஏறினாள்.

வயலோரத்து வேலியோடு மறைப்பைக் கட்டி, கவிழ்த்த பியர்ப் பெட்டியில் அவளை இருத்தினார். குளிர் காலால் ஏறியது. பொய்ப்புறாக்கள் காற்றைப் பார்த்தபடி வயலில் மேய்ந்துகொண்டிருந்தன. தூரத்தில் நின்று பார்த்தால் நானே ஏமாந்திருப்பேன் என்று இமெல்டா நினைத்தாள். கொஞ்ச நேரத்தில் காட்டுப் பக்கமிருந்து ஒரு கூட்டம் வந்தது. வட்டமிட்டது. செட்டையை விரித்து, காலைக் கீழே நீட்டி, இதோ இறங்கப்போகிறது என்கிற நேரத்தில், கண்ணாடியில் முட்டினதுபோல் எல்லாம் ஒரேயடியாகத் திரும்பின. பிறகு வந்த கூட்டமும் அப்படித்தான்.

ஜாக்கே துவக்கைத் தாழ்த்தினார். "வலைதான்."

"உங்கட தொப்பி," என்றாள் இமெல்டா.

"இது நான் பொடியனாய் இருக்கேக்கை வாங்கின தொப்பி!"

"அதைத்தான் சொல்லுறன்."

திரும்பி வரும்போது இமெல்டா மனதுக்குள் பொருமிக்கொண்டே வந்தாள். அவளுடைய வேலையில் ஆட்கள் எத்தனையோ குறை சொல்லியிருக்கிறார்கள். இடுப்பு இறுக்கம் என்பார்கள், கை நீளம் என்பார்கள். சமாளித்திருக்கிறாள். ஆனால் ஆகாயத்தில் போகிற சீவன் தன் தையலைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டு போவதற்கு யாரிடம் போய் ஞாயம் கேட்பது?

திங்கட்கிழமை கறிவேப்பிலை வாங்க அருட்செல்வனின் பலசரக்குக் கடைக்குப் போனாள். திருத்தவேண்டிய புறாவொன்று பையிலிருந்து தலையை நீட்டிக்கொண்டிருந்தது. பையைக் காசுமேசையில் வைத்தாள். கள்ளநோட்டுப் பார்க்கிற ஊதா விளக்கு அங்கே எரிந்துகொண்டிருந்தது.

"அக்கா, உங்கட புறா ஏன் லைட் போட்டுக்கொண்டு நிக்குது?" என்றான் அருட்செல்வன்.

கழுத்து வெள்ளை மட்டுமல்ல. சாம்பல் சட்டை முழுக்க நீலமாக ஒளிர்ந்தது. இமெல்டா பையைத் துழாவி, வலையிலிருந்து கழன்ற சாக்குக் கீலமொன்றை எடுத்து விளக்கின் கீழ் பிடித்தாள். மண்ணிறச் சாக்கு, அதுவும் பேய்போல ஒளிர்ந்தது. அருட்செல்வன் மூலையில் கிடந்த வெங்காயச் சாக்கை இழுத்துக் காட்டினான். அது இருட்டாகவே கிடந்தது.

"சலவைத்தூளாய் இருக்கும், அக்கா. உடுப்பை வெள்ளையாய்க் காட்டுறதுக்கு அதுக்குள்ள ஏதோ போடுறவங்கள். என்ர சேட்டும் இப்பிடித்தான் மினுங்கும்."

அங்கேயே நின்று ஜாக்கேக்குப் போன் எடுத்தாள். நடந்ததைச் சொன்னாள்.

"எங்கட கண்ணுக்குத் தெரியாத வெளிச்சமும் பறவைக்குத் தெரியும் எண்டு எங்கேயோ வாசிச்சனான்," என்றார் அவர். "நீங்கள் தோய்ப்பியள் எண்டு நான் நினைக்கேல்லை, மதாம். சாக்கை ஆர் தோய்ப்பினம்?"

இமெல்டாவுக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. இவ்வளவு நாளும் தைத்ததைத் தானே தன் கையால் கெடுத்துக்கொண்டிருந்திருக்கிறாள். அதுவும் ஒவ்வொரு முறையும் இன்னும் நன்றாகக் கெடுத்திருக்கிறாள். வெந்நீரில் அவித்துப் பார்த்தாள், ஒளிர்வு போகவில்லை. எல்லாவற்றையும் எறிந்துவிட்டு, வெங்காயச் சாக்குகளோடு புதிதாகத் தொடங்கினாள். சட்டைத் துணியைத் தேயிலைச் சாயத்தில் தோய்த்துத் தண்ணீரில் மட்டும் அலசினாள். கடை முழுக்க வெங்காயம் மணத்தது. பிளவுஸ் எடுக்க வந்த ஜெயகௌரி மூக்கைப் பொத்திக்கொண்டு, "அக்கா, இதை நான் கோயிலுக்கு உடுத்திறதோ, சந்தைக்கோ?" என்று கேட்டுவிட்டுப் போனாள். அழுக்கு வலையை அப்படியே சுருட்டி ஜாக்கேயிடம் கொடுக்கும்போது இமெல்டாவுக்குக் கை கூசியது.

நவம்பரில் ஒரு மத்தியானம் ஜாக்கே வாயெல்லாம் பல்லாக உள்ளே வந்தார். கடதாசியில் சுற்றியதைச் சந்தோஷத்தில் மேசையில் தொப்பென்று போட்டார். அவிழ்ந்தது. இரண்டு காட்டுப்புறாக்கள், இரத்தத்தோடு, மணப்பெண்ணொருத்தியின் கூறைப் பிளவுஸ் துணிக்கு மேலே.

"எடுங்கோ! எடுங்கோ அதை!" தமிழில்தான் கத்தினாள். அவருக்கு விளங்கியது.

துணி பாழ். அதே நிறத்தில் வேறு துணி தேடி லோசான் நகரம்வரை போய் வந்தாள். அந்தோனிதாஸ் அதற்கிடையில் புறாக்களை உரித்து, மிளகு தூக்கலாகப் போட்டுப் பிரட்டல் வைத்திருந்தார். சாப்பிடமாட்டேன் என்று இருந்தவள், மணத்துக்கு ஒரு துண்டு எடுத்தாள். நன்றாகத்தான் இருந்தது. இரண்டாவது துண்டில் கடக் என்றது. துவக்குச் சன்னம் ஒன்று, சின்ன ஈயக் குண்டு. கடைவாய்ப் பல் பாதி உடைந்துபோயிற்று.

அடுத்த நாள் காலை ஜாக்கே போன் எடுத்தார். அவருடைய கூட்டாளிகள் இரண்டு பேருக்கும் இதேபோலப் பொய்ப்புறாவும் வலையும் வேண்டுமாம்.

"ஏலாது, முசியே," என்றாள் கன்னத்தைப் பொத்திக்கொண்டு. இந்த முறை வார்த்தை அகப்பட்டது.

போனை வைத்துவிட்டுத் திரும்பினால் அந்தோனிதாஸ் அவளைப் பார்க்காமல் சப்பாத்துப் போட்டுக்கொண்டிருந்தார்.

"அவர் நேற்று எனக்கும் எடுத்தவர்," என்றார். "என்ர மனுசி தைச்சுத் தருவா எண்டு சொல்லிப்போட்டன். ஆளுக்கு நாலு புறா தருவினமாம்."

பல் வைத்தியரிடம் போய் வந்த பிறகு, விறைத்த வாயோடு கடையின் பின்பக்கத்தில் இருந்து சாக்கை வெட்டினாள். அன்று முழுக்க யாருக்கும் அவள் பதில் சொல்லவில்லை. பல்லுக்கு ஊசி போட்டதால்தான் என்று வந்தவர்கள் நினைத்துக்கொண்டார்கள்.